நாட்டின் பாடலைத் தெரிவது யார்?

ஒரு நாட்டின் பெயரால் அயல்நாட்டு மேடையில் ஒலிக்கவேண்டிய பாடலை, அந்நாட்டுக்குள்ளேயே போட்டி வைத்து நடுவர்களும் நேயர்களும் சேர்ந்து தெரிந்தெடுக்கும் முறை தேசியத் தெரிவு எனப்படுகிறது. ஐரோப்பிய நாடுகளின் யூரோவிஷன் பாடல் போட்டி 1956 இல் சுவிற்சர்லாந்தின் லுகானோ நகரில் தொடங்கியபோது, அதற்கு முன்மாதிரியாக இருந்தது இத்தாலியில் 1951 முதல் நடந்துவரும் சான்ரேமோ பாடல் விழாவாகும். போட்டியிடுவோர் அரசுகள் என்று பலர் எண்ணினாலும், உண்மையில் பாடலை அனுப்புவது ஒவ்வொரு நாட்டின் ஒலிபரப்பு நிறுவனமே. அது பாடலைத் தானே மூடிய அறைக்குள் தீர்மானிக்கலாம், அல்லது சுவீடன் செய்வதைப்போல வாரக்கணக்கில் நீளும் போட்டியொன்றை நடத்தி நாட்டு மக்களிடம் விட்டுவிடலாம்.

யூரோவிஷன் விதிப்படி பாடல் 3 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. மேடையில் 6 பேருக்கு மேல் நிற்கக்கூடாது. பாடுவோர் 16 வயது நிரம்பியவராயிருக்க வேண்டும். முதன்மைக் குரல் நேரடியாக ஒலிக்கவேண்டுமென்றாலும், 1999 இல் வாத்தியக் குழு கைவிடப்பட்டபின் பக்கவாத்தியம் முழுவதும் முன்கூட்டியே பதிவுசெய்யப்பட்டதாகவே இருக்கிறது. 

தேசியத் தெரிவு முறையில் உண்மையான அதிகாரம் இருப்பது வாக்கை எண்ணும் விதியில்தான். ஒரு தொலைபேசி அழைப்புக்கு ஒரு வாக்கு என்று வைத்தால் பெரும்பான்மையின் சுவையே நாட்டின் சுவையாகிவிடும் என்பதை உணர்ந்த நிறுவனங்கள், வாக்கைக் கூறுபோட்டு எண்ணும் வழிகளைக் கண்டன. சுவீடனில் 2019 முதல் கைபேசிச் செயலிவழி வரும் வாக்குகள் வயதுப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு பிரிவுக்கும் சமமான நிறை தரப்படுகிறது. பல மொழிகள் வழங்கும் சுவிற்சர்லாந்தின் தேசியத் தெரிவிலோ மொழிப் பிரதேசங்கள் தனித்தனியே புள்ளி வழங்கும் மரபு இருந்தது. அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோர் பேசும் றோமாஞ்சு மொழியில் பாடிய பூர்பாஸ் குழுவினர், முந்தைய ஆண்டுகளில் முயன்று தோற்றபின், 1989 இல் தேசியத் தெரிவை வென்று லோசான் நகரில் நடந்த யூரோவிஷனில் தம் நாட்டின் பெயரால் பாடினர். அவர்கள் பெற்றது 13 ஆம் இடமே என்றாலும், ஒரு சிறுபான்மை மொழி நாட்டின் குரலாக நின்றது நின்றதுதான்.

இலங்கையின் மலையக வாசகர் இன்னும் கூர்ந்து பார்க்கவேண்டியது நோர்வேயின் 1980 ஆம் ஆண்டுத் தெரிவை. வடக்கு நோர்வேயின் ஆதிக்குடிகளான சாமி மக்கள், அல்தா ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்து 1979 இல் ஒஸ்லோ நாடாளுமன்றத்தின் முன் உண்ணாநோன்பு இருந்தனர். அதையே பொருளாகக் கொண்டு, சாமி நிலம் என்று பெயரிட்ட பாடலொன்று மறு ஆண்டே தேசியத் தெரிவில் வென்றது. யோய்க் எனப்படும், சொல்லை மிகுதியும் நம்பாமல் குரலின் நெளிவாலேயே பொருள் உணர்த்தும் மரபுப் பாட்டை அதில் மாட்டிஸ் ஹெட்டா பாடினார். நிலத்துக்காகப் போராடிய சிறுபான்மையின் குரலை நாட்டின் குரலாக்க நோர்வே தயங்கவில்லை.

ஆசியாவில் நிலைமை வேறு. ஆசிய பசுபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2012 இல் சோலில் தொடங்கிய தொலைக்காட்சிப் பாடல் விழா, பரிசோ தரவரிசையோ இல்லாத அரங்கேற்றமாகும். ஒன்றியத்தின் வானொலிப் பாடல் விழா 2014 இல் கொழும்பிலும் நடந்தது. இலங்கைக்குள் மக்கள் வாக்கெடுப்பைப் பழக்கியவை தனியார் தொலைக்காட்சிகளே. 2006 இல் தொடங்கிய சிரச சூப்பர் ஸ்டார் சிங்களத்திலும், அதே குழுமத்தின் சக்தி சூப்பர் ஸ்டார் தமிழிலும் குறுஞ்செய்தி வாக்கைக் கேட்டதால், இரு மொழியாரின் பாடல்களும் ஒரே தட்டில் நிறுக்கப்படவேயில்லை. பின்னர் 2023 இல் புசல்லாவைத் தோட்டத்துச் சிறுமியொருத்தியும் யாழ்ப்பாணச் சிறுமியொருத்தியும் சென்னைத் தொலைக்காட்சிப் போட்டிக்குச் சென்று பேர்பெற நேர்ந்தது. யாழ்ப்பாணச் சிறுமி பட்டத்தையும் வென்றார்.

மலையகத்தின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களிலோ பாட்டுக்குப் பஞ்சமில்லை. அதிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு ஆளழைத்த தப்பு என்னும் பறை, மாசியில் நடக்கும் காமன் கூத்து, கொழுந்து மலையின் தெம்மாங்கு, தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் ஒப்பாரி என விரியும் இச்செல்வத்தில் ஒரு பகுதியை சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து வைத்தார். கொஸ்லந்தைக்கு அருகே, மண்சரிவு அபாயம் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த மீரியபெத்தவில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயன்கள் மண்ணுள் புதைந்தபின், தமக்கென ஒரு துண்டு நிலம் என்ற நெடுங்காலக் கோரிக்கை அங்கு இன்னும் கூர்மையடைந்தது. அம்மக்களின் பாடலொன்று மேடையேறினால் நிலம் அதில் வராமலிருப்பது அரிது. அரசியல் உள்ளடக்கத்துக்குத் தடைவிதிக்கும் யூரோவிஷன் போன்ற மேடைகளில் அது சிக்கலையும் கிளப்பலாம், ஆயினும் நோர்வே காட்டிய வழி திறந்தே இருக்கிறது.

கணக்கு மட்டும் கடுமையானது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மலையகத் தமிழரைக் குறிக்கும் இந்தியத் தமிழர் என்ற பிரிவில் பதியப்பட்டோர் 8,39,504 பேர், அதாவது நாட்டில் நூற்றுக்கு நான்கு பேர் அளவே. தலையெண்ணிக்கை வாக்கில் அவர்களின் பாடல் வெல்ல வழியில்லை. தமிழ் அரசியலமைப்புப்படி ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருந்தும், 2016 இல் தமிழில் பாடப்பட்ட தேசிய கீதம் 2020 சுதந்திர தின விழாவில் விடப்பட்டதை நினைத்தால், நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருப்பதும் போதாது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனமும் ஆசிய பசுபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தின் உறுப்பினர்கள்; தேசியத் தெரிவு ஒன்று இங்கு எப்போதேனும் அமையுமானால் அதன் விதியை எழுதுவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு இருக்கும். அப்போது மாகாணவாரியாகப் புள்ளியிடும் முறையையும், ஊவாவின் பதுளையில் இரு மொழி நடுவர் குழுவொன்றையும் மலையகக் கலைஞர்கள் முன்கூட்டியே கோரவேண்டும்.