அடகுச் சீட்டு: ஏழையின் பத்திரம்

குடியானவனுக்கு நிலப் பத்திரம் எவ்வளவு அருமையானதோ, நிலமற்ற ஏழைக்கு அடகுச் சீட்டும் அவ்வளவு அருமையானது. ஆயினும் நிலப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் நம் மக்கள், அடகுச் சீட்டைப் படித்துப் பார்ப்பதுமில்லை. சில வேளைகளில் கேட்டு வாங்குவதுமில்லை. வட்டிக் கடைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் நம் மாநிலத்தில் 1943-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. அச் சட்டத்தின் பயன் கிராமத்து வீடுகளை முழுமையாக எட்ட வேண்டுமாயின், மக்களும் சில செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். அவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

மலையடிவாரத்தின் நிலை

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது செண்பகத்தோப்பு. 1988-இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயமும், 2021-இல் ஏற்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகமும் இப்பகுதியைத் தம்முள் கொண்டவை. மாந்தோப்புகளிலும் தென்னந்தோப்புகளிலும் கூலி வேலை செய்வோரும், தேன் முதலிய வனப் பொருள்களைச் சேகரிக்கும் பளியர் குடும்பங்களும் இங்கு வாழ்கின்றனர். இவர்களுடைய வருமானம் பருவத்தைப் பொறுத்தது. செலவோ பருவம் பார்த்து வருவதில்லை. பள்ளி திறக்கும் மாதத்திலும், வீட்டில் ஒருவர் நோயுற்ற போதும், கையில் உள்ள தோடோ மூக்குத்தியோ ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ சென்று அடகுக் கடையில் அமர்கிறது. பொன் இல்லாத வீட்டிலிருந்து பித்தளை அண்டாவும் செப்புக் குடமும் செல்கின்றன.

இவ்வாறு செல்லும் பொருள் திரும்பி வருமா, அன்றி மூழ்கிப் போகுமா என்பது வட்டியைப் பொறுத்தது. மீட்கும் காலத்தைப் பொறுத்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, கையிலுள்ள சீட்டைப் பொறுத்தது.

சட்டம் கூறுவது என்ன?

தமிழ்நாட்டில் அடகு பிடிக்கும் தொழிலை நடத்த விரும்புவோர் 1943-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் பெறுதல் வேண்டும். இவ்வுரிமத்தை வழங்குபவர் வட்டாட்சியர். இதற்கான விண்ணப்பத்தை இப்பொழுது இ-சேவை மையங்களின் வழியாகவும் அனுப்பலாம். உரிமம் குறித்த காலத்துக்கே செல்லும். காலம் முடிந்ததும் புதுப்பித்தல் வேண்டும். கடைக்காரர் அடகுப் பதிவேடு ஒன்றை ஒழுங்காக எழுதி வருதலும், அடகு வைத்தவருக்குச் சீட்டு அளித்தலும் கட்டாயமானவை.

அடகு வைத்த பொருளை மீட்க ஓராண்டுத் தவணை உண்டு. அதற்கு மேல் 7 நாட்கள் சலுகை. நம் ஊர் அடகுச் சீட்டுகளில் 'ஒரு வருடம் 7 நாட்கள்' என்று அச்சிட்டிருப்பது இது பற்றியே. தவணை கடந்த பின்னரும், கடைக்காரர் தம் விருப்பம்போல் பொருளை உருக்கிவிடவோ விற்றுவிடவோ இயலாது. முறைப்படி அறிவிப்புக் கொடுத்தே ஏலம் விடுதல் வேண்டும்.

இங்கு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் ஏழைக்குத் துணை நிற்கிறது. அதன் 176-ஆம் பிரிவின்படி, ஏலத் தொகை கடனையும் வட்டியையும் விட அதிகமாக இருப்பின், மிகுதி அடகு வைத்தவரையே சேரும். 177-ஆம் பிரிவின்படி, தவணை தவறியவரும், பொருள் உண்மையாக விற்கப்படும் வரையில், அதனை மீட்கலாம்; தவறியதனால் ஏற்பட்ட செலவை மட்டும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். 'தவணை தாண்டிவிட்டது, இனி உனக்கு ஒன்றுமில்லை' என்ற சொல்லைக் கேட்டுக் கண்ணீருடன் திரும்பும் தாய்மார்கள் இவ்விரு பிரிவுகளையும் அறிந்திருப்பின் அவ்வாறு திரும்பமாட்டார்கள்.

வட்டிக் கணக்கு

அடகுக் கடைகளுக்கு நம் மாநிலத்தில் விதிக்கப்பட்ட வட்டி வரம்பு ஆண்டுக்கு 16 சதவிகிதம் ஆகும். ஆனால் கிராமத்தில் யாரும் ஆண்டுக் கணக்கில் வட்டி பேசுவதில்லை; 'இரண்டு வட்டி', 'மூன்று வட்டி' என்று, நூறு ரூபாய்க்கு மாதம் இத்தனை ரூபாய் என்றே பேசுகிறார்கள். ஆகையால் சட்டத்தின் கணக்கையும் அவ்வாறே மாற்றிப் பார்ப்போம். ஆண்டுக்கு 16 சதவிகிதம் என்பது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் 33 காசு.

ஒருவர் 10,000 ரூபாய்க்கு நகையை அடகு வைத்தார் என்று கொள்வோம். 16 சதவிகிதத்தில் ஓராண்டுக்கு வட்டி 1,600 ரூபாய். மூன்று வட்டியில் அதுவே 3,600 ரூபாய். ஐந்து வட்டியில் 6,000 ரூபாய். தோப்புக் கூலியில் மீதம் பிடித்து 11,600 ரூபாய் சேர்த்துவிடக் கூடிய குடும்பம், 16,000 ரூபாயை எங்ஙனம் சேர்க்கும்? நகை மூழ்குவதற்குக் காரணம் பல சமயங்களில் மக்களின் ஊதாரித்தனம் அன்று. இந்த 4,400 ரூபாய் வேறுபாடே.

முதல் மாத வட்டியை முன்னதாகவே பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பதும் சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அவ்வாறாயின் 10,000 என்று எழுதிய சீட்டுக்கு உண்மையில் கிடைத்த கடன் குறைவு. வட்டியோ முழுத் தொகைக்கும் ஏறுகிறது. கையில் வாங்கிய தொகையும் சீட்டில் எழுதிய தொகையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுதல் நன்று.

உரிமமின்றி வீடு தேடி வந்து கடன் கொடுப்போரிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. அவர்களிடம் சீட்டும் இல்லை, பதிவேடும் இல்லை. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைத் தடுக்க 2003-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அவற்றால் துன்புறுவோர் காவல் நிலையத்தில் முறையிடலாம்.

பழைய பொருள் வாணிகம்

அடகுக் கடையோடு சேர்த்து எண்ண வேண்டியது பழைய பொருள் வாணிகம். தோப்புக் கிணற்றின் மோட்டாரோ அதன் செம்புக் கம்பியோ திருட்டுப் போனால், அது பணமாக மாறும் இடம் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைதான். ஒரு மோட்டார் போனால் ஒரு தோப்பே வாடுகிறது. இதனைக் கருதியே, பழைய இரும்பு வாணிகரையும், கைமாறிய பொருள்களை விற்பவரையும், மோட்டார் பட்டறைகளையும் உரிமத்துக்கு உட்படுத்தி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1985-இல் நம் மாநிலத்தில் ஏற்பட்டது.

மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய மோட்டாரை வாங்கும் விவசாயியும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். தனக்கு உரிமை இல்லாத பொருளை விற்பவன், வாங்குபவனுக்கும் உரிமை அளிக்க இயலாது என்பது 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் பொது விதி. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆதலின் விற்றவர் பெயரும் முகவரியும் கண்ட ரசீதின்றி எப்பொருளையும் வாங்கலாகாது. நேர்மையான கடைக்காரருக்கும் இப்பதிவேடே கவசம். பழி வரும்போது அவரைக் காப்பது அவர் எழுதிய வரிதான்.

கூட்டுறவின் வழி

வட்டிக் கடையை ஒரேயடியாகப் பழிப்பதனால் பயனில்லை. சில நிமிடங்களில் பணம் தருவதும், சிறு தொகைக்கும் முகம் சுளிக்காததும், பித்தளைப் பாத்திரத்தையும் ஏற்பதும் அக்கடைகளே. ஆனால் பொன் நகை உள்ளவர்கள் முதலில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தையும் வங்கியையும் நாடுதல் வேண்டும். 1904-ஆம் ஆண்டில் திரூரில் தோன்றிய முதற் சங்கத்திலிருந்து வளர்ந்த இயக்கம் இது. கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரை வைத்த நகைக் கடனைத் தகுதியுள்ளோருக்குத் தள்ளுபடி செய்வதாக 2021-இல் மாநில அரசு அறிவித்தது. தனியார் கடையில் வைத்தவர்களுக்கு இச்சலுகை கிட்டவில்லை. சிறு தேவைகளுக்கு மகளிர் சுய உதவிக் குழுவின் உள்கடன் கைகொடுக்கும்; அங்கே வட்டியும் குழுவின் பொது நிதியையே சேர்கிறது.

நாம் செய்யத்தக்கவை

அடகு வைக்குமுன் கடையின் உரிமத்தைக் காட்டுமாறு கேட்க வேண்டும். காலம் முடிந்த உரிமம் உரிமம் ஆகாது. சீட்டில் தம் பெயர், பொருளின் விவரம், எடை, கடன் தொகை, தேதி, வட்டி விகிதம் ஆகிய யாவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'ஒரு ஜோடி தோடு' என்று மட்டும் எழுதினால் போதாது. எத்தனை கிராம், கல் பதித்ததா என்பதும் வேண்டும். நகையையும் சீட்டையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது எளிது. வட்டி கட்டும்போதெல்லாம் ரசீது பெறுதலும், மீட்கும் கடைசி நாளைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வைத்தலும் நலம். வரம்பு மீறி வட்டி கேட்டாலோ, சீட்டுத் தர மறுத்தாலோ வட்டாட்சியரிடம் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

எழுதப் படிக்க அறியாதவர்களுக்கு இவை எங்ஙனம் இயலும் என்று கேட்கக்கூடும். நம் ஊராட்சிகளில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. அங்கே ஒரு முறையேனும் வட்டி வரம்பையும் மீட்கும் காலத்தையும் உரக்கப் படித்துச் சொல்லலாம். பள்ளியில் பயிலும் பிள்ளைகள் தாயின் சீட்டை வாசித்துக் காட்டலாம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சீட்டை மற்றவர் சரிபார்க்கலாம். இதற்குப் பெரும் பொருட்செலவு ஒன்றும் தேவையில்லை.

சட்டம் அலுவலகத்தில் இருக்கிறது. உரிமம் கடையில் இருக்கிறது. சீட்டு ஒன்றே ஏழையின் கையில் இருப்பது. அதனைக் கேட்டு வாங்கவும், படித்துப் பார்க்கவும், பத்திரமாக வைக்கவும் நம் கிராமத்துத் தாய்மார்கள் பழகிக்கொண்டால், மலையடிவாரத்திலிருந்து இறங்கிச் சென்ற தோடும் குடமும் மீண்டும் தத்தம் வீடு வந்து சேரும்.