மழைக்கு முந்திய நாட்களின் கணக்கு

ஓசூரிலிருந்து பாகலூர் வழியாகப் பேரிகைக்குச் செல்லும் சாலையில், மாசியும் பங்குனியும் காய்ந்து கிடந்த மண்ணின்மேல், சித்திரை மாதத்துப் பிற்பகல் ஒன்றில் இடியும் காற்றுமாகக் கோடை மழை இறங்குகிறபோது, அதைக் கண்டு மனம் குளிராதவர் இல்லை. கோடை உழவுக்குக் காத்திருப்பவர் மட்டுமல்லர், காற்றில் மாங்காய் உதிர்ந்துபோகுமே என்று அஞ்சுகிறவர்கூட அந்த மழையை வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் மழை தொடங்கிய கால் மணி நேரத்துக்குள் சாலையோரக் கால்வாயை ஒருவர் குனிந்து பார்ப்பாரானால், அங்கே ஓடுவது வானத்திலிருந்து விழுந்த ஜலம்தானா என்ற சந்தேகம் அவருக்கு எழாமல் இராது. கறுத்துக் கனத்து, மேலே எண்ணெய்ப் படலம் பல நிறம் காட்ட, பிளாஸ்டிக் உறைகளையும் தூசியையும் உந்திக்கொண்டு ஓடும் அந்த நீர், அரை மணி கழித்துச் செம்மண் நிறம் கொள்கிறது. ஒரு மணி கழித்து இன்னும் சற்றுத் தெளிகிறது. மழையும் அதே மழை, கால்வாயும் அதே கால்வாய். அப்படியிருக்க, முதலில் வந்த நீருக்கு மட்டும் இந்தக் கதி ஏன் வந்தது?

அந்த முதல் நீர் சுமந்துவந்தது அன்றைய தினத்தின் அழுக்கை அன்று. மழையில்லாத நாட்கள் அத்தனையிலும் சாலையிலும் கூரையிலும் தொழிற்கூட முற்றத்திலும் ஒவ்வொரு நாளாகப் படிந்த சக்கரத் தேய்மானம், பிரேக் தூள், சிந்திய டீசல், உலோகத் துகள், கிரஷர் தூசி ஆகிய யாவற்றையும் அது ஒரே மூச்சில் அலசிக்கொண்டு வருகிறது. ஆகவே நகர்ப்புற மழைநீரின் மாசைப் பற்றி ஆராயப் புகுந்தவர், மழை நாளை ஆராய்வதற்கு முன்னால், அதற்கு முந்திய வெயில் நாட்களை எண்ண வேண்டியவராகிறார். இந்த எண்ணிக்கையைக் கணித பூர்வமாகச் செய்வதற்கென்றே கம்ப்யூட்டர் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றுள் மூத்ததும் உலகெங்கும் மிகுதியாக உபயோகத்தில் இருப்பதுமான ஒன்றைப் பற்றியே இங்கே சொல்லப் போகிறேன்.

இந்த விஷயம் நம் பிரதேசத்துக்கு அந்நியமானதன்று. நந்திமலைப் பக்கம் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்கோரமாக இறங்கி, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழிநீரையும் வாங்கிக்கொண்டு, கொடியாளம் அருகே தமிழகத்தில் நுழைந்து கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. மேலே பலத்த மழை பெய்து அணையின் மதகுகள் திறக்கப்படுகையில், கீழே ஆற்றை மூடிக்கொண்டு வெண்ணுரை பொங்கிக் கரையோர வயல்களில் ஏறுவதை ஓசூர் மக்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். சலவைத் தூளிலும் சோப்பிலும் உள்ள நுரைக்கும் ரசாயனங்கள், சுத்திகரிக்கப்படாத கழிவுநீரோடு வந்து, ஏரியின் அடிச்சேற்றில் ஒட்டித் தங்குகின்றன. பெருமழையின் பிரவாகம் அந்தச் சேற்றைக் கலக்கிவிடுகிறது. நீர் உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு மோதுமிடத்தில் நுரை எழுகிறது. மழை பெய்ததால் நுரை வந்தது என்று சொல்வது பொய்யன்று. ஆனால் நுரைக்கு வேண்டிய பண்டத்தை மழை கொண்டுவரவில்லை. அது மாதக்கணக்கில் அங்கேயே சேர்ந்து கிடந்தது.

இனி அந்த மென்பொருளுக்கு வருவோம். அமெரிக்காவில் 1969-க்கும் 1971-க்கும் இடையில், அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்ட இதன் பெயரை மழைநீர் மேலாண்மை மாதிரி என்று தமிழில் சொல்லலாம், பொறியாளர்கள் எஸ்.டபிள்யூ.எம்.எம். என்ற எழுத்துக்களாலேயே வழங்குகிறார்கள். 2004-இல் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் வழிவந்தவையே இன்று புழக்கத்தில் உள்ளன. அதை எவரும் விலையின்றி இறக்கிக்கொள்ளலாம். அதன் உட்கணக்கு எவ்வாறு நடக்கிறது என்பதையும் திறந்து படித்துப் பார்க்கலாம். ஒரு சிற்றூராட்சிக்கோ கல்லூரி மாணவருக்கோ இது சிறிய நன்மையன்று.

இந்த மாதிரி வருவதற்கு முன்பெல்லாம் வடிகாலின் அளவை நிர்ணயிக்கப் பயன்பட்ட சூத்திரம், பரப்பையும் மழையின் வேகத்தையும் ஒரு பின்னத்தையும் பெருக்கி, உச்சத்தில் எவ்வளவு நீர் வரும் என்ற ஒற்றை எண்ணைத் தருவதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த அந்த முறை இன்றும் வழக்கில் உள்ளது. சிறிய இடங்களுக்கு அது போதவும் செய்யும். ஆனால் நீர் எப்போது வந்தது, எங்கே தேங்கியது, எதைச் சுமந்து வந்தது என்ற கேள்விகளுக்கு அந்த ஒற்றை எண்ணிடம் விடையில்லை. மாதிரியோ ஊரைச் சிறுசிறு நீர்ப்பிடிப்புத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஆழமில்லாத ஒரு தட்டாகப் பாவிக்கிறது. அந்தத் தட்டில் மழை விழுகிறது. ஒரு பகுதி மண்ணில் இறங்குகிறது. ஒரு பகுதி பள்ளங்களில் தங்குகிறது. மிஞ்சியது வழிந்து அடுத்த கால்வாய்க்குப் போகிறது. மண் எவ்வளவு குடிக்கும் என்பதற்கு 1911-இல் கிரீனும் ஆம்ப்டும் தந்த சமன்பாட்டையோ, 1930-களில் ஹார்ட்டன் வகுத்த விதியையோ எடுத்துக்கொள்ளலாம். கால்வாய்க்குள் நீர் ஓடும் விதத்துக்கு 1871-இல் பிரான்சில் சான் வெனான் எழுதிய சமன்பாடுகள் ஆதாரம். ஆகையால் முன்னேயுள்ள சிறுபாலம் அடைத்துக்கொண்டால் நீர் பின்வாங்கித் தெருவில் ஏறுவதைக்கூட அது கணித்துக் காட்டுகிறது.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ராகி விளைந்த நூறு ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் மழை பெய்தால், அங்கே விழும் நீர் ஏறக்குறைய ஒரு கோடி லிட்டர். உழுத நிலமும் வரப்பும் பெரும்பகுதியை விழுங்கி, பத்தில் ஒரு பங்குதான் வெளியே போகிறது என்று வைத்துக்கொண்டால், கீழேயுள்ள ஏரிக்குப் பத்து லட்சம் லிட்டர் சேரும். அதே நூறு ஏக்கரில் எண்பது ஏக்கரைத் தொழிற்சாலைக் கூரையும் கான்கிரீட் தளமும் மூடி, அப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு நீர் வழிந்தோடுமானால், ஏரிக்குப் போவது எழுபத்துநான்கு லட்சம் லிட்டராகிவிடுகிறது. அதுவும் மணிக்கணக்கில் நிதானமாக வந்துகொண்டிருந்த நீர், இப்போது நிமிஷக் கணக்கில் வந்து மோதுகிறது. கால்வாயின் அகலமோ பழைய அகலம்தான். பல இடங்களில் அதுவும் குறைந்திருக்கிறது.

நீர் இறங்காத பரப்பு என்றதும் சிப்காட் தொழிற்பேட்டை வளாகங்களையே நாம் நினைத்துக்கொள்கிறோம். பேரிகை, பாகலூர்ப் பக்கங்களில் ரோஜாவும் குடைமிளகாயும் விளையும் பசுமைக்குடில்களும், மழையின் கண்ணுக்குப் பிளாஸ்டிக் கூரைகளே என்பதை மறக்கலாகாது. குடிலின் கூரைநீரைப் பண்ணைக்குட்டையில் பிடித்துவைக்கும் விவசாயி, தம்மை அறியாமலேயே, மாதிரி சிபாரிசு செய்யக்கூடிய பரிகாரத்தைச் செய்துகொண்டிருக்கிறார்; அவ்வாறு பிடிக்காத குடிலின் நீர் ஊர்க் கால்வாய்க்கு வந்து சேருகிறது. நிலப்படத்தில் பச்சை நிறம் தீட்டப்பட்ட இடமெல்லாம் வயல் என்று கொண்டுவிட்டால் மாதிரி முதற்படியிலேயே தவறிவிடும்.

மாசின் கணக்குக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது படிதல். மழையற்ற நாள் ஒவ்வொன்றிலும் ஓர் ஏக்கர் தளத்தில் இத்தனை கிலோ தூசி சேருகிறது என்று தொடங்கி, முதல் சில நாட்களில் வேகமாக ஏறி, பின்பு காற்றும் வாகனங்களும் ஓரளவு அகற்றிவிடுவதால் ஓர் எல்லையில் போய் நிற்கும் வளைகோடாக அதை எழுதுகிறார்கள். ஆகையால் நூறு நாள் வெயிலுக்குப் பிறகு சாலைத் தூசி பத்து நாள் தூசியைப்போலப் பத்து மடங்கு இராது. ஆனால் கழிவுநீர் விடப்படும் கால்வாயின் அடிச்சேற்றுக்கு இந்த எல்லை கிடையாது. அது கோடை முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். இரண்டையும் ஒரே கோட்டால் அளக்கும் மாதிரி கெலவரப்பள்ளியின் நுரையை ஒருபோதும் விளக்காது.

இரண்டாவது அலசல். நீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ, எவ்வளவு அழுக்கு இன்னும் மீதமிருக்கிறதோ, அவ்விரண்டையும் பொறுத்து நிமிஷத்துக்கு நிமிஷம் அடித்துச் செல்லப்படும் மாசு மாறுகிறது. தொடக்கத்தில் இருப்பு மிகுதி, ஆகவே மாசும் மிகுதி. இருப்புக் கரையக் கரைய நீர் தெளிகிறது. கால்வாயைக் குனிந்து பார்த்தவர் கண்டது இதைத்தான். அன்றியும், மழை ஓய்ந்த மறுநாள் காலை ஏரியில் ஒரு புட்டி நீர் எடுத்துச் சோதித்து, அளவுக்குள் இருக்கிறது என்று எழுதிக்கொள்வதில் எவ்வளவு பெரிய பிழை நேரக்கூடும் என்பதும் இதனால் விளங்கும். அழுக்கு வந்துபோன நேரம் அந்தப் புட்டிக்குத் தெரியாது.

மழையின் வேகத்தைப் பற்றியும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் எச்சம் உள்நாட்டில் வந்து நின்றபோது, இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரு நாளில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏரி நிறைந்து வழிந்த வெள்ளம் சாலையோரம் நின்ற வாகனங்களை உருட்டிக்கொண்டு போன காட்சியை நாடே பார்த்தது. ஆண்டு முழுவதற்கும் 800 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் மழையுள்ள மாவட்டம் இது. ஆனால் காலை எட்டரை மணிக்கு ஒருமுறை அளக்கப்படும் மழைக் கணக்கைக் கொண்டு மாதிரியை ஓட்ட இயலாது. ஐம்பது மில்லிமீட்டர் மழை இரவு முழுவதும் தூறலாகப் பெய்ததா, ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்ததா என்பதில்தான் வடிகாலின் விதி இருக்கிறது. ஐந்து அல்லது பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானே பதியும் மழைமானி அதற்கு அவசியம்.

நம் அண்டையில் இந்த வேலை நடந்திருக்கிறது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகமும் கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையமும் சேர்ந்து, தானியங்கி மழைமானிகளின் துணையோடு நகர வெள்ளத்தைக் கணித்துச் சொல்லும் ஏற்பாட்டைச் செய்தன. 2020-இல் அது மேகசந்தேசம் என்ற பெயரில் கைப்பேசிச் செயலியாகவும் வந்தது. சென்னையில் 2015 பெருவெள்ளத்துக்குப் பின், ஐ.ஐ.டி.க்களும் அண்ணா பல்கலைக்கழகமும் பங்குகொண்ட வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு உருவாயிற்று. மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட மழைநீர் வடிகால் கையேடும் இத்தகைய மாதிரிகளை எடுத்துரைக்கிறது. எனினும் இம்முயற்சிகளில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்ற கேள்வி பெற்ற கவனத்தை, அந்தத் தண்ணீரில் என்ன இருக்கும் என்ற கேள்வி பெறவில்லை என்பது என் அபிப்பிராயம். பெருநகரத்துக்கு முதற்கேள்வி முதன்மையானதாக இருக்கலாம். ஏரிநீரைக் கொண்டு காய்கறி விளைவிக்கும் எல்லையோரக் கிராமத்துக்கு இரண்டாவது கேள்வியும் அதே அளவு முதன்மையானது.

எல்லையோரத்துப் பேரிகைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மாநில எல்லை வரைபடத்தில் ஒரு கோடு. நீர்ப்பிடிப்பின் எல்லையோ மேட்டுநிலத்தின் முகடு. இவ்விரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதில்லை. ஓடும் செங்கல்லும் சுட்டுப் புகழ்பெற்று, இப்போது தொழிற்பேட்டைகளும் பெருகிவரும் மாலூர் வட்டம் எல்லைக்கு அப்பால் தொட்டடுத்திருக்கிறது. தென்பெண்ணையாற்றையும் அதன் உபநதியான மார்க்கண்டேயத்தையும் பற்றித் தமிழகம் 2018-இல் உச்சநீதிமன்றம் சென்ற வழக்கில், கர்நாடகத்தின் யார்கோல் அணையும் ஆற்றுநீர் பற்றிய 1892-ஆம் ஆண்டு ஒப்பந்தமும் பேசப்பட்டன. நீரின் அளவே அங்கே தலையாய வாதம். தரத்தைப் பற்றிப் பேசவும் இரு மாநிலத்தாரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு கணக்கு வேண்டும். மாதிரியை முகட்டிலிருந்து முகடு வரை வரைந்தால், எந்தத் துண்டிலிருந்து எத்தனை கிலோ மாசு எந்த நேரத்தில் வந்தது என்று தனித்தனியே பிரித்துக் காட்ட முடியும். எல்லைக் கோட்டோடு நிறுத்திவிட்டால், அப்பாலிருந்து வருவது எல்லாம் ஒரே பழியாகவும், இப்பால் சேருவது எல்லாம் கண்ணில் படாததாகவும் போய்விடும். ஓசூர்ப் பக்கத்துச் சாலைகளும் பட்டறைகளும் தமது பங்கைச் சேர்ப்பவையே என்பதை நாம் மறைக்கலாகாது.

நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு இஸ்ரோவின் புவன் தளத்திலும் பிற இடங்களிலும் செயற்கைக்கோள் தரவுகள் கிடைக்கின்றன. அவற்றுக்கு எந்த மாநிலத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் முப்பது மீட்டருக்கு ஓர் உயரம் சொல்லும் படத்தில் ஒரு மீட்டர் அகலக் கால்வாய் தெரியாது. ராஜகால்வாய் எங்கே வளைகிறது, எந்தச் சிறுபாலத்தின் கண் மண்ணால் அடைபட்டிருக்கிறது, ஏரி எந்த உயரத்தில் கோடி போகிறது என்பவற்றை டம்பி லெவல் என்னும் மட்டக்கருவியோடு நடந்துதான் அறிய வேண்டும். நீர் பாய்ச்சிப் பழகிய ஊர்ப் பெரியவர்களைக் கூட அழைத்துச் செல்பவர் பாதி உழைப்பை மிச்சப்படுத்துவார். அமெரிக்க நகரங்களுக்கென எழுதப்பட்ட படிதல் எண்களை அப்படியே இட்டு, அளந்து ஒத்துப் பார்க்காமல் வண்ணப் படங்களாக அச்சிட்டுத் தரும் அறிக்கைகள் மிகுந்த கெடுதி செய்பவை; அவை எண்களின் தோற்றத்தால் நம்பிக்கையைப் பெறுகின்றன, அதற்கு அவற்றுக்கு உரிமையில்லை.

பேரிகையில் இதைத் தொடங்குவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பள்ளிக்கூட மாடியில் ஒரு தானியங்கி மழைமானி, ஏரிக்கு நீர் வரும் கால்வாயின் பாலத்தில் ஆழம் காட்டும் ஓர் அளவுகோல், சுத்தமான ஒரு டஜன் புட்டிகள், மழை வந்ததும் ஓடிவரச் சம்மதிக்கும் இரண்டு பேர் இருந்தால் போதும். முதல் ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒன்றாகவும், பின்பு அரை மணிக்கு ஒன்றாகவும் நீரெடுத்து, நேரம் எழுதி, சோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும். நான்கைந்து மழைகள் இவ்வாறு பதிவானால், படிதலுக்கும் அலசலுக்கும் இவ்வூருக்கே உரிய எண்கள் கைக்கு வரத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைகளில் ஒன்று தவறினாலும் அடுத்தது சில நாளில் வரும். சித்திரையில் விழும் முதல் மழையின் முதல் புட்டியைத் தவறவிட்டால்தான், அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.