ஒருத்திக்கு மந்திரம், இன்னொருத்திக்கு?

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருவருக்கு எஸ்.பி.எம். தேர்வில் எல்லாமே ‘ஏ’. இன்னொருவர் சுமார். தீபாவளிக்கு வரும் உறவினர்கள் யாரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுவார்கள், யாரைத் தண்ணீர் எடுத்து வரச் சொல்வார்கள் என்று நமக்குத் தெரியாதா என்ன?

இந்தக் கதையை மந்திரமும் டிராகன்களும் உலவும் உலகத்தில் வைத்துச் சொல்கிறது ‘தி ட்ரூ குவீன்’ என்ற ஆங்கில நாவல். மலேசியாவில் பிறந்து வளர்ந்து பிரிட்டனில் வசிக்கும் ஸென் சோ எழுதியது. 2019-இல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் அவருடைய குறுநாவல் ஒன்று ஹியூகோ விருதையும் வென்றது.

சக்தி, முனா இருவரும் சகோதரிகள். புயலுக்குப் பிறகு ஒரு தீவின் கரையில் கண் விழிக்கிறார்கள். பழைய நினைவு எதுவும் இல்லை. தீவின் பெயர் ஜந்தா பாய்க்! பகாங்கில் நாம் விடுமுறைக்குப் போகும் அதே பெயர்தான். நாவலில் அது மலாக்கா நீரிணையில் இருக்கிறது. அங்குள்ள சூனியக்காரி மாக் கெங்காங் இருவருக்கும் அடைக்கலம் தருகிறார். சக்திக்கு மந்திரம் இயல்பாக வருகிறது. முனாவுக்குத் துளியும் இல்லை. அவளுக்குக் கிடைப்பது சமையலறை வேலை.

சாபத்தால் சக்தியின் உடல் கொஞ்சம் கொஞ்சமாக மறையத் தொடங்குகிறது. தீர்வு தேடி இருவரும் இங்கிலாந்துக்குப் புறப்படுகிறார்கள். வழியில், மாய உலகத்தில், சக்தி காணாமல் போகிறாள். மந்திரம் தெரிந்தவள்போல் நடித்துக்கொண்டு முனா தனியாக இங்கிலாந்து போய்ச் சேருகிறாள். அங்கே தலைமை மந்திரவாதியாக இருப்பவர் இந்தியத் தாய்க்குப் பிறந்த ஒரு பெண். கோட்டு போட்ட கனவான்களில் சிலர் உண்மையில் உருமாறி வந்த டிராகன்கள்!

சக்தி கர்வக்காரி, அதிகாரம் செய்பவள். அவள் இல்லாவிட்டால் முனாவை யாரும் யாரோடும் ஒப்பிடப் போவதில்லை. ஆனாலும் முனா தேடுவதை நிறுத்துவதில்லை. கோபமும் பாசமும் ஒரே மனத்தில் இருப்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. ‘திறமை இல்லாதவள்’ என்று ஒதுக்கப்பட்டவளின் கண் வழியாகவே கதையின் பெரும்பகுதியைச் சொல்லியிருப்பதுதான் எனக்குப் பிடித்தது. அவளிடம் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதே இல்லை. இல்லாததை மட்டும்தான் எண்ணினார்கள்.

ஒரு துப்பு: இரு பெயர்களையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ‘செஜாரா மெலாயு’ படித்தவர்களுக்கு ஒரு பெரிய பாம்பு ஞாபகம் வரும். அதற்குமேல் சொன்னால் சுவாரசியம் போய்விடும்.

இது 2015-இல் வந்த ‘சோர்சரர் டு தி கிரவுன்’ நாவலின் தொடர்ச்சி. ஆனாலும் நேராக இதிலிருந்தே தொடங்கலாம். பழைய பாணி ஆங்கிலம் என்பதால் முதல் சில அத்தியாயங்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், பெற்றோர் முதலில் படித்துவிட்டு அவர்களிடம் கொடுங்கள்.