விபிஎன் வழியாக வரும் க்ளிக்: நெட்வொர்க் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அஃபிலியேட் விளம்பரங்களில் நாட்டுக்கு நாடு கமிஷன் மாறும். அமெரிக்காவிலிருந்து வரும் ஒரு க்ளிக்குக்கு, இந்தியாவிலிருந்து வருவதைவிட அதிகப் பணம் கிடைப்பது வழக்கம். அதனால்தான், இருப்பிடத்தை மாற்றிக் காட்டும் விபிஎன் வழியாக வருபவர் உண்மையில் எங்கே இருக்கிறார் என்பதில் விளம்பர நெட்வொர்க்குகளுக்கு இத்தனை அக்கறை.

முதலில் ஐபி முகவரியைப் பார்க்கிறார்கள். அது எந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது? வீட்டு இணைப்பு தரும் நிறுவனமா, சர்வர்களை வாடகைக்கு விடும் டேட்டா சென்டரா? பெரும்பாலான விபிஎன்கள் இரண்டாவது வகை. அடுத்தது கடிகாரம். ஐபி ஃபிராங்ஃபர்ட் என்கிறது; பிரவுசரின் நேரமோ கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. அந்த முரண்பாடு போதும், சந்தேகம் வந்துவிடும். பிறகு க்ளிக் நிராகரிக்கப்படலாம், மலிவான விளம்பரத்துக்குத் திருப்பப்படலாம், அல்லது கமிஷன் பரிசீலனைக்காக நிறுத்தி வைக்கப்படலாம்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. 2016-ல் அம்பலமான 'மெத்பாட்' மோசடியில், டேட்டா சென்டர் சர்வர்களில் ஓடிய நிரல்கள் மனிதர்களைப் போல வீடியோ விளம்பரம் பார்த்தன. லட்சக்கணக்கான ஐபி முகவரிகளை அமெரிக்க வீட்டு இணைப்புகள் போலப் பொய்யாகப் பதிவு செய்திருந்தார்கள். அதன் சூத்திரதாரி அலெக்சாந்தர் ஜுகோவுக்கு 2021-ல் நியூயார்க் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது.

ஆனால் அலுவலக விபிஎன்னில் வேலை பார்ப்பவரும், அந்தரங்கம் காக்க அதைப் போடுபவரும் மோசடிக்காரர்கள் அல்ல. அவர்களின் க்ளிக்கைத் தள்ளும் நெட்வொர்க்குகள், அதற்கான காரணத்தையாவது தளம் நடத்துபவருக்குத் தெரிவிக்க வேண்டும்.