புது லாரிக்கு "டானிக்" தேவையா?

டீசலில் ஊற்றும் மருந்தால் யாருக்கு லாபம்?

லாரி வாங்குவது லேசான காரியம் அல்ல.

வீட்டு நகை அடகுக்குப் போகும். நிலப் பத்திரம் பாங்கிக்குப் போகும். மீதிக்குக் கடன். மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும்.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கத்துக் குடும்பங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

இப்படி வாங்கிய புது லாரி முதல் நடைக்குப் புறப்படும்போதே, ஒரு பாட்டிலும் கூடவே வந்து நிற்கிறது.

"அண்ணே, டீசல் போட்டதும் இதில் ரெண்டு மூடி ஊத்துங்க. என்ஜின் சுத்தமா இருக்கும். மைலேஜ் கூடும். புகையே வராது."

உதிரி பாகக் கடையில் சொல்வார்கள். தாபாவில் சாப்பிடும்போது பக்கத்து டிரைவர் சொல்வார். பாட்டிலைப் பார்த்தால் நெருப்புப் பறக்கிற படம் போட்டிருக்கும். வாங்கத் தோன்றும்.

வாங்கலாமா? வாங்குவதற்கு முன் டீசல் எப்படி எரிகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

பிளக் இல்லாத என்ஜின்

பெட்ரோல் என்ஜினில் பிளக் இருக்கிறது. அது பொறி கொடுக்கும். டீசல் என்ஜினில் அது கிடையாது.

ருடால்ப் டீசல் என்ற ஜெர்மன்காரர், 1897-ல் தமது என்ஜினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். காற்றை இறுக அழுத்தினால் சூடு ஏறும். அந்தச் சூட்டில் எண்ணெயைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். அவர் செய்தது அதுதான். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதே, அதே சங்கதி.

ஆகவே டீசல் சட்டென்று பற்ற வேண்டும். பற்றும் தன்மைக்கு ஓர் எண் உண்டு. அதற்கு "சீட்டேன்" எண் என்று பெயர். டீசலைத் தூவுகிற நாசில் அடைப்பு இல்லாமல் இருக்க வேண்டும். பம்பு தேயாமல் இருக்க, டீசலில் வழவழப்பும் வேண்டும்.

பாட்டிலில் இருக்கும் மருந்துகள் பெரும்பாலும் இந்த மூன்றுக்கும்தான். ஒன்று சீட்டேன் எண்ணைக் கூட்டும். ஒன்று நாசிலைக் கழுவும். ஒன்று வழவழப்புக் கொடுக்கும். இந்த மருந்துகளை எல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நோய் இல்லாதவனுக்கு மருந்து எதற்கு?

டன்னுக்கு 10 கிராம்

டீசலில் கந்தகம் உண்டு. 2010-ல் நாடு முழுவதற்கும் வந்த விதிப்படி, 10 லட்சம் பங்கு டீசலில் 350 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். 2017-ல் அது 50 ஆகக் குறைந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் வெறும் 10. அதாவது, ஒரு டன் டீசலில் 10 கிராம்தான் கந்தகம் இருக்கலாம். இதுதான் "பி.எஸ்.6" டீசல்.

கந்தகத்தை எடுக்கும்போது ஒரு சங்கடம் உண்டாகிறது. டீசலில் இயற்கையாக உள்ள வழவழப்பும் கூடவே போய்விடும். "அதனால்தான் மருந்து ஊற்றச் சொல்கிறோம்" என்பார்கள் பாட்டில் விற்பவர்கள்.

அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. போன வழவழப்பை ஈடுகட்ட, எண்ணெய்க் கம்பெனிகளே மருந்து சேர்த்துத்தான் டீசலை அனுப்புகின்றன.

இதற்கு ஒரு சோதனையும் இருக்கிறது. சின்ன இரும்புக் குண்டு ஒன்றை, டீசலில் மூழ்கிய தகட்டின் மேல் வைத்துத் தேய்ப்பார்கள். பிறகு குண்டில் விழுந்த தேய்மான வடுவை அளப்பார்கள். அது 460 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது. 460 மைக்ரான் என்றால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இது இந்திய விதி.

அமெரிக்காவில் 520 மைக்ரான் வரை அனுமதி உண்டு. சீட்டேன் எண்ணும் அங்கே 40 இருந்தால் போதும். நம் நாட்டில் குறைந்தது 51 இருக்க வேண்டும். அமெரிக்க லாரிக்காரர்கள் மருந்து பற்றிப் பேசுவதைக் கேட்டு, இங்கே நாமும் ஊற்றுவது பொருந்துமா? அவர்கள் டீசல் வேறு, நம் டீசல் வேறு.

டயரைவிட 200 மடங்கு

பழைய லாரியின் பம்பு முரட்டுப் பம்பு. எதையும் தாங்கும். கையில் சாவி இருந்தால் ரோட்டோரத்திலேயே கழற்றி மாட்டுவார்கள்.

புது லாரி அப்படி அல்ல. லாரி டயரில் சுமார் 8 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது. புது என்ஜினின் நாசிலுக்கு டீசல் 1,600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் வருகிறது. டயரைப்போல் 200 மடங்கு! நாசிலின் துவாரமோ தலைமயிர் அளவு. ஒரு நாசில் கெட்டால் பல ஆயிரம் ரூபாய். ஆறும் கெட்டால் அந்த வருஷத்து லாபம் போய்விடும்.

புகைக் குழாயில் வேறு ஒரு சமாசாரம் இருக்கிறது. கரியைப் பிடித்து வைக்கும் பில்டர் அது. கரி சேர்ந்ததும், சுமார் 600 டிகிரி சூட்டில் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். கரி எரியும். ஆனால் சாம்பல் எரியாது.

டீசலோடு கொஞ்சம் என்ஜின் ஆயிலோ, 2டி ஆயிலோ ஊற்றும் பழக்கம் பழைய டிரைவர்கள் பலருக்கு உண்டு. அந்தக் காலத்து என்ஜினில் அது தப்பித்துக்கொண்டது. என்ஜின் ஆயிலில் துத்தநாகம், கால்சியம் எல்லாம் கலந்திருக்கிறது. அவை எரிந்தால் சாம்பல். சாம்பல் பில்டரை அடைக்கும். உலோகம் கலந்த டீசல் மருந்துகளும் இதையேதான் செய்யும். மண்ணெண்ணெயோ இன்னும் மோசம். அதில் கந்தகம் அதிகம், வழவழப்பு குறைவு.

வண்டியோடு வந்த கையேட்டைப் பிரித்துப் பாருங்கள். டீசலில் வேறு எதையும் கலக்காதீர்கள் என்றே பல கம்பெனிகள் அச்சடித்திருக்கின்றன. கலந்து, அதனால் பழுது வந்தால், வாரண்டி கிடைக்காது. கடனில் ஓடும் வண்டிக்கு வாரண்டிதான் துணை.

காசுக் கணக்கு

சரி, மைலேஜ் கூடுகிறது என்கிறார்களே?

ஒரு கணக்குப் போடுவோம். டேங்க் 400 லிட்டர். டீசல் லிட்டர் 92 ரூபாய். ஒரு டேங்குக்கு ஊற்றும் மருந்து 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போட்ட காசு திரும்பி வரவே கிட்டத்தட்ட 9 லிட்டர் டீசல் மிச்சமாக வேண்டும். 100-க்கு 2 லிட்டருக்கு மேல்! அதற்கு மேல் மிச்சமானால்தான் லாபம்.

எதிர்க்காற்று அடித்தால், டயரில் காற்று இறங்கினால், தொப்பூர் கணவாயில் வண்டிகள் தேங்கி நின்றால், இதைவிட அதிகமாக மைலேஜ் மாறும். பிறகு மருந்தால் கூடியது எது, காற்றால் கூடியது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், "எண்ணெய் மிச்சமாகும்" என்று விற்கப்பட்ட 100-க்கும் மேற்பட்ட பொருள்களை ஆராய்ந்து பார்த்தது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டிய பொருள் ஒன்றுகூட அதில் கிடைக்கவில்லை.

லோடு ஏற்ற வரிசையில் நிற்கும்போது என்ஜினை அணைத்துப் பாருங்கள். அந்த மிச்சத்துக்குப் பாட்டில் வேண்டாம்.

குளிருக்கு வேண்டும்

மருந்து தேவைப்படும் இடமும் இருக்கிறது. டீசலில் மெழுகு கலந்திருக்கிறது. கடுங்குளிரில் அது கட்டி தட்டும். பில்டர் அடைக்கும். வண்டி நின்றுவிடும். லடாக் பக்கம் டிரைவர்கள் இதற்கு மண்ணெண்ணெய் கலந்து வந்தார்கள். 2019 நவம்பரில், இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்று தனி டீசல் கொண்டுவந்தது. பானிப்பட்டு ஆலையில் தயாரானது. பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரியிலும் அது உறையாது. வடக்கே பனிமலைக்கு லோடு போகிறவர்கள் அங்குள்ள பங்கில் குளிர்கால டீசலைக் கேட்டுப் போடலாம். அது கிடைக்காத இடத்தில், வண்டிக் கம்பெனி ஒப்புக்கொண்ட மருந்தை உறைவதற்கு முன்பே ஊற்ற வேண்டும். உறைந்தபின் ஊற்றிப் பயன் இல்லை. சேலத்துக்கும் சென்னைக்கும் ஓடுகிற வண்டிக்கு இந்தக் கவலை இல்லை.

மாதக்கணக்கில் நிற்கும் அறுவடை எந்திரம், ஜெனரேட்டர் ஆகியவற்றின் கதை வேறு. அடியில் தண்ணீர் தங்கினால் டீசலில் பூஞ்சை வளரும். கறுப்பாகக் கொழகொழ என்று வரும். அதற்குத் தனி மருந்து உண்டு. தினம் ஓடும் லாரியில் டீசல் அவ்வளவு நாள் தங்குவதே இல்லை.

தண்ணீர்தான் எதிரி

புது என்ஜினுக்கு எமன் தண்ணீர்தான். பில்டருக்குக் கீழே தண்ணீரைப் பிரிக்கும் கிண்ணம் இருக்கிறது. கையேட்டில் சொன்ன நாளில் அதைத் திறந்து வடிக்க வேண்டும். டாஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்தால் அடுத்த ஊர் வரை போகலாம் என்று நினைக்கவே கூடாது. பில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். விலை மலிவு என்று போலி பில்டர் வாங்காதீர்கள். கூட்டம் உள்ள, நம்பிக்கையான பங்கில் டீசல் போடுங்கள். சந்தேகம் வந்தால் அடர்த்தியைச் சோதித்துக் காட்டும்படி கேட்கலாம். அதற்கான கருவி பங்கிலேயே இருக்கும். கேட்பது உங்கள் உரிமை.

நீல மூடி

புது லாரியில் இன்னொரு டேங்க் உண்டு. அதன் மூடி நீல நிறம். அதில் ஊற்றுவது யூரியாக் கரைசல். 100-க்கு 32½ பங்கு யூரியா, மீதி சுத்தமான நீர். பலர் இதையும் டீசல் மருந்து என்று நினைக்கிறார்கள். அல்லவே அல்ல. இது என்ஜினுக்குள் போவதே இல்லை. புகைக் குழாயில் தூவப்பட்டு, நச்சு வாயுவை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. இதை ஊற்றாமல் வண்டி ஓட்ட முடியாது. வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினால், உப்புப் படிந்து எல்லாம் பாழாகும்.

இரவில், தூக்கக் கலக்கத்தில், புதிதாக வந்த கிளீனர் இந்தக் கரைசலை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால்?

சாவியைத் தொடாதீர்கள். சாவி போட்டாலே சில வண்டிகளில் பம்பு ஓடத் தொடங்கிவிடும். கரைசல் நாசில் வரை போய்விடும். வண்டியை அங்கேயே விட்டு, சர்வீஸ் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். டேங்கைக் கழற்றிக் கழுவுகிற செலவோடு போகும்.