படம் சொல்லாததை அழுத்தம் சொல்லும்

ஜெர்மனியின் மூனிக் நகரில் இரண்டு இதய மையங்கள், 1998 முதல் 2009 வரை ஸ்டென்ட் வைத்துக்கொண்ட 10,004 பேருக்கு, ஆறு முதல் எட்டு மாதம் கழித்து மறுபடி ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தன. வெறும் உலோக ஸ்டென்ட்டில் 30 சதவீதமும், மருந்து பூசிய இரண்டாம் தலைமுறை ஸ்டென்ட்டில் 12 சதவீதமும் மீண்டும் சுருங்கியிருந்தன. யாருக்குச் சுருங்குகிறது என்று அலசியபோது, சர்க்கரை நோயோடு ரத்தக்குழாயின் குறுகிய விட்டமும் ஸ்டென்ட்டின் நீளமும் முன்னே வந்து நின்றன. விட்டம் குறைந்தாலும் நீளம் கூடினாலும் ரத்த ஓட்டத்துக்குத் தடை ஏறும். ஆகவே ஸ்டென்ட் வைத்த கையோடு அந்தத் தடையை அளந்துவிடுவதே முறை என்பது என் வாதம்.

இது புது யோசனையும் அல்ல. டிரெஸ்டனில் பிறந்த ஆந்திரியாஸ் குருன்ட்சிக் 1977இல் சூரிச்சில் முதல் இதய ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தபோதே, அவருடைய பலூன் குழாயில் அழுத்தம் அளக்கும் வசதி இருந்தது. ஆனால் அந்தத் தடித்த குழாயே ஓட்டத்தை மறித்ததால் அளவு பிறழ்ந்தது; வழக்கமும் மங்கியது. இன்று மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு பருமனுள்ள கம்பியின் நுனியருகே உணரி இருக்கிறது. அதை ஸ்டென்ட்டுக்கு அப்பால் நிறுத்தி, அடினோசின் என்ற மருந்தைக் கொடுத்து ஓட்டத்தை உச்சத்துக்கு ஏற்றுகிறார்கள். பிறகு அப்பாலுள்ள அழுத்தத்தை மகாதமனி அழுத்தத்தால் வகுக்கிறார்கள்: மகாதமனியில் 100, அப்பால் 88 என்றால் விடை 0.88. நெதர்லாந்தின் நிக்கோ பைல்ஸ் குழு 2002இல் 750 பேரிடம் இதைப் பார்த்தது. எண் 0.95க்கு மேல் இருந்தவர்களில் 4.9 சதவீதம் பேருக்கே ஆறு மாதத்துக்குள் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தது; 0.90க்குக் கீழே 20.3 சதவீதம்.

ஸ்டென்ட்டுக்குள் தழும்புத் திசு வளர்ந்து குழாய் மீண்டும் சுருங்குவது உயிரியல், அதை அழுத்தம் எப்படி அறியும் என்று கேட்கலாம். அறியாதுதான். ஆனால் அதே கனத்துக்குத் திசு வளர்ந்தாலும் குறுகிய குழாய்தான் முதலில் திணறும். விட்டம் பாதியானால் தடை 16 மடங்காகிறது. எண் குறைவதற்கு வேறிடத்துப் படிவும் காரணமாகலாம் என்பார்கள். கம்பியை மெல்லப் பின்னிழுத்தால் அழுத்தம் எங்கே தாவுகிறது என்று தெரிந்துவிடும். 2019இல் வெளியான டிஃபைன் பிசிஐ ஆய்வில், படத்தில் ‘சரி’ என்று முடித்துவைத்த நால்வரில் ஒருவருக்கு ஓட்டக் குறை மிச்சமிருந்தது. பெரும்பாலும் ஒரே குறிப்பிட்ட இடத்தில். வலுவான மறுப்பு ராட்டர்டாமில் நடந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. எண் குறைந்தவர்களுக்கு, குழாய்க்குள் செலுத்தும் அல்ட்ராசவுண்டு துணையோடு திருத்தம் செய்தும் ஓராண்டில் பாதிப்பு குறையவில்லை. ஆக, இந்த எண் சிகிச்சைக்கான கட்டளையாக இன்னும் ஆகவில்லை. யாரைக் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும் என்று காட்டுவதே அதன் இன்றைய பயன். ஸ்டென்ட் வைக்கப் போகிறவர்கள், முடிவில் அழுத்தம் அளப்பீர்களா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.