இரட்டை வரிசை யாழ் வாங்க ஆசையா? முதலில் கழுத்தைப் பாருங்க அண்ணாச்சி!

கோவில்பட்டிக்காரர்களுக்குச் சங்கீதம் புதுசு இல்லை. நாதசுரச் சக்கரவர்த்தி காருகுறிச்சி அருணாசலம் வீடு கட்டிக் குடியிருந்த ஊர் இது. அவருக்கு இங்கே சிலையே இருக்கிறது. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் எட்டயபுரம். 1835-ல் முத்துசாமி தீட்சிதர் கண் மூடிய மண். வடக்கே சாத்தூர் என்றால் வில்லிசைப் பிச்சைக்குட்டி பெயர் தானாக வாயில் வரும்.

நாதசுரம் தெரியும். வீணை தெரியும். வில்லும் குடமும் தெரியும். ஆனால் யாழ்? பாடப் புத்தகத்தில் படம் பார்த்ததோடு சரி!

இப்போது அது செல்போனில் வருகிறது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மடியில் வைத்து மீட்டுகிறாள். பக்கத்துக்கு ஒரு வரிசையாக இரண்டு வரிசை நரம்பு. வலது கை ஒன்றில், இடது கை ஒன்றில். மழைத்துளி தகரத்தில் விழுந்த மாதிரி சத்தம். பார்த்துவிட்டு வீட்டுப் பிள்ளை, "அப்பா, எனக்கு இது வேணும்" என்கிறது.

என்ன செய்வது? நல்ல யாழ் ஒன்று மோட்டார் சைக்கிள் விலையைக் கேட்கும். கடை வைத்திருப்பவருக்கும் சரி, ஆபீசில் பேனா பிடிப்பவருக்கும் சரி, அது விளையாட்டுப் பணம் இல்லை. வாங்கி வந்த பிறகு ஆணியில் தொங்கினால் வயிறு எரியும்.

பணத்தை எண்ணுவதற்கு முன் நாலு விஷயம் கேட்டுக் கொள்ளுங்கள்.

ஒரே பேர்... சரக்கு வேறு!

"இரட்டை யாழ்" என்று சொன்னவுடன் தலையாட்டி விடாதீர்கள். அந்தப் பெயரில் இரண்டு வகை உண்டு.

ஒன்றில் இரண்டு வரிசையிலும் ஒரே சுரங்கள். இந்தப் பக்கம் சரிகமபதநி, அந்தப் பக்கமும் அதே சரிகமபதநி. வலது கை மீட்டிய சுரம் அடங்குவதற்குள் இடது கை அதே சுரத்தை மீட்டலாம். கிணற்றுக்குள் கூப்பிட்டால் பதில் வருமே, அந்த மாதிரி கேட்கும். செல்போனில் மயக்கியது பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்று பழைய இத்தாலிக்காரர்களுடையது. 16-ம் நூற்றாண்டில் வந்தது. அதில் முதல் வரிசை ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டை என்றால், மற்ற வரிசை கறுப்புக் கட்டை! மூன்று வரிசை யாழும் இத்தாலியில் பிறந்ததுதான், வேல்ஸ் நாட்டுக்காரர்கள் பிறகு அதைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். ஓரத்து வரிசை இரண்டும் ஒன்று போல, நடுவில் இருப்பது கறுப்புக் கட்டை.

ஆர்டர் கொடுக்கும்போது "இரண்டு வரிசையும் ஒரே சுரமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பிறகு மாற்ற முடியாது.

கழுத்தைப் பார்!

நரம்புகள் மேலே கட்டியிருக்கும் வளைந்த மரம்தான் கழுத்து. ஒற்றை வரிசை யாழில் எல்லா நரம்பும் கழுத்தின் ஒரே பக்கத்தில் தொங்கும். ராத்திரி பகலாக ஒரே பக்கம் இழுத்தால் எந்த மரம் தாங்கும்? வருஷக் கணக்கில் மெல்லத் திருகிக் கொள்ளும்.

இரட்டை வரிசையில் இரண்டு பக்கமும் நரம்பு. இழுப்பு சரிக்குச் சரி. அதனால் கழுத்து திருகுவது குறைவு. இதை விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான்.

ஆனால் கீழே இருக்கும் ஒலிப்பலகையின் பாட்டைக் கேளுங்கள்... அதற்குச் சுமை இரண்டு மடங்கு! பலகை கொஞ்சம் தொப்பை போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், நரம்பு இழுப்பில் அது வழக்கம். கீறல் இருந்தாலோ, ஒட்டுப் போட்ட இடத்தில் நகம் நுழைந்தாலோ தொடாதீர்கள். பழைய யாழ் என்றால், தச்சர் சட்டத்தைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக் கொண்டு கழுத்தை நுனியில் இருந்து பாருங்கள்.

நம் ஊர் வெயில் வேறு இருக்கிறது. சித்திரையில் கரிசல் காடு கை நுழைகிற அளவுக்கு வெடிக்கிறது. மரமும் அப்படித்தான் ஈரம் இழந்து சுருங்கும். ஐப்பசி மழையில் ஊதும். சுருங்குவதும் ஊதுவதுமாக இருந்தால் சுதி நிற்காது. கண்ணாடி ஏற்றிய காரில் மத்தியான வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், ஒட்டிய பசையே இளகிவிடும்.

22 நிமிஷம் போச்சு!

ஒரு வரிசைக்கு 22 நரம்பு என்று வைத்துக் கொள்வோம். இரண்டு வரிசைக்கு 44. ஒரு நரம்புக்கு அரை நிமிஷம் என்றாலும் சுதி சேர்க்கவே 22 நிமிஷம். பாட்டு அதற்குப் பிறகுதான்!

புது நைலான் நரம்பு வேறு சில வாரங்கள் இழுபட்டுக் கொண்டே இருக்கும். காலையில் சேர்த்தால் சாயங்காலம் இறங்கிவிடும். ஒற்றை வரிசையில் ஒரு நரம்பு இம்மி இறங்கினால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. இரட்டையில் ஜோடி நரம்பு காட்டிக் கொடுத்துவிடும். இரண்டும் ஒத்துப் போகாமல் "ங்வா... ங்வா..." என்று அலையும்.

சுரத்தை அரைப் படி ஏற்ற நரம்புக்கு நரம்பு ஒரு சின்ன நெம்புகோல் வைப்பார்கள். எல்லா நரம்புக்கும் உண்டா, சிலவற்றுக்கு மட்டுமா என்று கேளுங்கள். விலையில் பெரிய வித்தியாசம் வருவது இங்கேதான். ஒவ்வொன்றாகத் தூக்கி மீட்டிப் பாருங்கள். வண்டு மாதிரி ரீங்கரித்தால் திருப்பிக் கொடுங்கள்.

நம் காதுக்கு ஒத்து வருமா?

இதுதான் பெரிய கேள்வி. 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு காருகுறிச்சியாரின் நாதசுரம் போட்டி போட்டதே, அந்தக் குழைவைக் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வீணை போல இழுத்து வளைக்க முடியாது. கமகத்துக்கு வழி குறைவு. யாழ் போய் வீணை வந்ததற்கு இதையே காரணமாகச் சொல்பவர்கள் பலர்.

பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டி யாழுக்கு 7 என்று கணக்குச் சொல்கிற மொழி நம்முடையது. பெரும்பாணாற்றுப்படையில் மாடு மேய்க்கிறவர் குமிழ மரக் கொம்பை வளைத்து, மரல் நாரைக் கட்டி, வில்யாழ் செய்து வாசிக்கிறார். நம் காட்டு ஆள் மாதிரியே இல்லை? அத்தனையும் மறைந்து போய், விபுலானந்த அடிகள் 1947-ல் 'யாழ் நூல்' எழுதி வெளியிட்ட பிறகுதான் தமிழர்கள் மறுபடி திரும்பிப் பார்த்தார்கள். இப்போது சென்னையில் தருண் சேகர் போன்ற இளைஞர்கள் மரம் செதுக்கி யாழ் செய்கிறார்கள். அயல்நாட்டுச் சரக்குக்கு முன் அங்கேயும் விசாரிக்கலாம்.

கமகம் வேண்டாம், நேர் சுரத்தில் ஓடும் மெட்டும் தாலாட்டும் சர்ச் பாட்டும் போதும் என்றால் யாழ் இனிக்கும். இரட்டை வரிசையில் ஒரு வேடிக்கையும் செய்யலாம். ஒரு வரிசையைச் சங்கராபரணத்தில் வையுங்கள். அடுத்த வரிசையில் மத்தியமத்தை மட்டும் ஏற்றிக் கல்யாணி ஆக்குங்கள். ஒரே மடியில் இரண்டு ராகம்!

என்னைக் கேட்டால், பிள்ளைக்கு இதுதான் முதல் வாத்தியம் என்றால் ஒற்றை வரிசையே போதும். ஒரு வருஷம் சலிக்காமல் சுதி சேர்க்கிறதா என்று பாருங்கள். ஏற்கனவே ஒன்றை வாசிக்கிற கை என்றால் இரட்டை வாங்கிக் கொடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம்.

எதை வாங்கினாலும் ரசீதோடு நரம்பு அட்டவணையையும் கையில் வாங்குங்கள். எந்த நரம்பு எத்தனை மில்லிமீட்டர் தடிமன், எவ்வளவு நீளம் என்று அதில் இருக்கும். அது இருந்தால் நைலான் நரம்பு அறுந்தபோது வெளிநாட்டுப் பார்சலுக்கு மாசக் கணக்கில் காத்திருக்க வேண்டாம். தூத்துக்குடிக்கு பஸ் ஏறுங்கள். மீன்பிடி சாமான் கடையில் தூண்டில் நரம்பு கேளுங்கள். அதுவும் ஒற்றை இழை நைலான்தான். தடிமன் சரியாக இருந்தால் கட்டிக் கொள்ளலாம். கம்பி சுற்றிய மந்தர நரம்புக்கு மட்டும் செய்தவரிடம்தான் போக வேண்டும். அதில் இரண்டு செட் முதலிலேயே வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.